பிசையக் கூடாத மாவு

ஸ்கோன் என்கிற இந்த வெள்ளைக்கார பன்னுக்கு மாவைப் பிசையக் கூடாது, டாக்டர். நம் ஊர்ப் பெண்கள் செய்கிற தவறு அதுதான். சப்பாத்தி மாவு என்று நினைத்துக்கொண்டு அழுத்திப் பிசைந்துவிடுவார்கள். வெந்து வந்தால் கல்லாக இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயை மாவில் போட்டு விரல் நுனியால் மட்டும் உதிர்க்க வேண்டும். உள்ளங்கை படக் கூடாது, சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். அப்புறம் மோர். சேர்ந்தும் சேராமலும் இருக்கும்போதே கையை எடுத்துவிட வேண்டும். தட்டில் அடுக்கும்போது ஒன்றையொன்று தொட்டபடி நெருக்கி வைக்க வேண்டும். தள்ளித் தள்ளி வைத்தால் ஓரம் காய்ந்து முறுகிவிடும். நெருங்கி இருப்பவைதான் பஞ்சு மாதிரி இருக்கும்.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். "இதுல என்னம்மா போடுறீங்க?" என்று கேட்டீர்கள். போன வாரம் டீயோடு ஒன்று கொடுத்தேன். ஒரு கடி கடித்ததும் உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். மிச்சத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டதையும் பார்த்தேன். இன்று என் வீட்டுக்காரர் விரலில் குத்தி சக்கரை மெஷினில் வைத்தபோது எண்ணே வரவில்லை. அளவுக்கு மேலே என்று மட்டும் காட்டியது. இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸ் வர நேரம் ஆகும். கன்னியக்கோவில் பக்கம் ரோடு தோண்டிப் போட்டிருக்கிறார்கள். உஷாராணியும் அந்த வழியாகத்தான் வருகிறாளாம். அவருடைய தங்கை. அரியாங்குப்பத்தில் இருக்கிறாள். அவள் வந்தால் கத்துவாள். அதற்கு முன் நிதானமாகப் பேசிவிடலாம். உட்காருங்கள் ஷிபானா.

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டினார். பாகூரிலிருந்து பாண்டிக்கு, பாண்டியிலிருந்து பாகூருக்கு. விடிவதற்கு முன்னால் போவார். நான் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்தபின் வருவார். லீவு நாளில் இன்னொரு டிரைவருக்குப் பதிலாகப் போவார். யாருக்காவது கல்யாணம் என்றால் வேன் எடுப்பார். சுப்பராயலு இல்லாமல் இந்த ஊரில் ஒரு காரியம் நடக்காது. நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். குழந்தை இல்லை என்று ஒரு நாளும் என்னைக் குத்திப் பேசியதில்லை. ஊரே அவரைத் தன் வீட்டு ஆள் மாதிரி நினைத்தது. என் வீட்டில்தான் அவர் இல்லை.

"வேலைய வுட்டப்புறம் வூட்லதான்டி. நீ துரத்தினாலும் போவ மாட்டேன்" என்பார். நான் அதை நம்பினேன்.

பொழுது போகாமல்தான் வீராம்பட்டினம் போகிற வழியில் இருந்த ஒரு விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தேன். அதை நடத்திய வெள்ளைக்கார மதாம்தான் எனக்கு ஸ்கோன் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் என் கையைப் பிடித்து, மாவிலிருந்து தூக்கிவிட்டார். எனக்கு அதிகமாகப் பிசைகிற கை என்று சிரித்தார். விடுதியை மூடியபோது பழைய ஓவனை எனக்கே கொடுத்துவிட்டார். அதோ அதுதான். இன்றைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் பஸ் வேலையை விட்டார். ஒரு மாதம் வீட்டில் இருந்தார். நான் பட்ட சந்தோஷத்தை உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். மத்தியானம் டிவி பார்த்தோம். அப்புறம் ஒரு முகாமில் ரத்தம் எடுத்து, சக்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். உங்களை மாதிரி ஒரு டாக்டர்தான், நல்ல எண்ணத்தில், "வாயைக் கட்டுங்க, தினமும் சைக்கிள் மிதிங்க" என்று சொல்லியனுப்பினார்.

மறுநாளே கடைத்தெருவில் மாலிக்கிடம் போய் ஒரு சைக்கிள் வாங்கிவிட்டார். மாலிக்குக்கு சைக்கிள் கடை. அவனுக்கும் ஊர் சுற்றுகிற பைத்தியம். முதலில் ஏரிக்கரை வரைக்கும் போனார்கள். பிறகு கடலூர். பிறகு விழுப்புரம். ஒரு பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்கே போய்விட்டார்கள். அவர் உடம்பு இளைத்தது. தொப்பை கரைந்தது. சக்கரை இறங்கியது. ஐம்பத்தெட்டு வயதில் கல்யாண போட்டோவில் இருந்த மாதிரி ஆகிவிட்டார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சம் என்னைப் பார்த்து வந்ததில்லை.

என்னையும் கூப்பிட்டார்தான். அதை நான் மறைக்க மாட்டேன். "நீ பஸ்ல வா விஜி, நான் சைக்கிள்ல வந்துடறேன். கோயிலாண்ட பாத்துக்கலாம். நீயும் ஊர் பாத்த மாரி இருக்கும்" என்றார். எனக்கு ஊர் பார்க்க வேண்டியிருக்கவில்லை. போகாதீர்கள் என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதும் இல்லை. புருஷனை வாய் விட்டுத் தடுக்கிற பெண் நான் இல்லை.

முதல் தடவை செய்தபோது என் மனதில் ஒன்றும் இல்லை. நீங்கள் இதை நம்ப வேண்டும். பண்ருட்டிப் பலாப்பழம் வந்திருந்தது. சுளையை நறுக்கி, வெல்லப் பாகில் கிளறி, நடுவில் வைத்து மூடிச் சுட்டேன். கடலூர் போய்விட்டுப் பசியோடு வந்தவர் வாசனை பிடித்துக்கொண்டு நேராக அடுப்படிக்கே வந்தார்.

"இன்னா விஜி இது? உன் வெள்ளக்கார பன்னா?"

"ஆமாங்க."

"சக்கர போட்டியா?"

"இல்லங்க. பழத்துல இருக்கிற இனிப்புதான். மாவும் கோதும மாவுதான்."

மைதா மாவுதான் அது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அவர் ஆசையாக இருந்தார், அவ்வளவுதான். நாலைந்து தின்றார். மறுநாள் காலையில் மாலிக் வாசலில் மணி அடித்தபோது, "இன்னிக்கி அசதியா இருக்குதுடா, நீ போய்ட்டு வா" என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு முழுக்க வீட்டில் இருந்தார். மத்தியானம் என் மடியில் தலை வைத்துப் படுத்துத் தூங்கினார். விசிறியால் விசிறிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எழுந்ததும், "இன்னும் ஒண்ணு இருக்குதா?" என்று கேட்டார்.

இதில் நான் எந்த இடத்தில் தவறு செய்தேன் என்று நீங்களே சொல்லுங்கள். கேட்டார், கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அடிக்கடி சுட்டேன். பேரீச்சம்பழம், திராட்சை, மாம்பழக் காலத்தில் மாம்பழம். பழத்தைச் சக்கரைப் பாகில் ஊறவைத்துத்தான் உள்ளே வைப்பேன். அப்படி வைத்தால்தான் ஈரம் காயாது, இரண்டு நாள் வைத்திருந்தாலும் மென்மை போகாது. அவர் லட்டைத் தொட மாட்டார், டீயில் சக்கரை சேர்க்க மாட்டார். கல்யாண வீட்டில் பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அப்படிப்பட்ட கட்டுப்பாடு. ஆனால் நான் செய்ததை மட்டும் கேள்வி கேட்காமல் சாப்பிடுவார். அந்த நம்பிக்கை எத்தனை பெண்களுக்குக் கிடைக்கிறது?

வீட்டில் ஒரு சக்கரை மெஷின் வைத்திருந்தார். எண் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்து அவருக்குக் குழப்பம். "சைக்கிள் மிதிக்கிறேன், வாயையும் கட்டுறேன், ஏன்டி ஏறுது?" என்றார். மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்றேன். அதே வாரம் துடைத்து வைக்க எடுத்தபோது அது தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. கைதான் தவறியது. வேறு வாங்குவோம் என்று சொல்லி, நான் வாங்கவில்லை.

கன்னியாகுமரிப் பேச்சு அப்போதுதான் வந்தது. அவரும் மாலிக்கும் பொங்கல் கழித்துப் புறப்பட்டு, கடலோரமாகவே சைக்கிளில் போய், ஒரு மாதம் கழித்துத்தான் வருவதாகத் திட்டம். இரவல் வாங்கிய கூடாரத்தை வாசலில் விரித்துப் போட்டு, சின்னப் பையன் மாதிரி உள்ளே புகுந்து பார்த்தார். "விஜி, இங்க வந்து பாரேன், ரெண்டு பேரு தாராளமா படுக்கலாம்" என்று கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

பயணத்துக்கென்று புது ஷூ வாங்கி, பழக்கத்துக்காகப் போட்டுக்கொண்டு சுற்றினார். தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்ததும் அவர் காலைக் கழுவி எண்ணெய் தடவிவிடுவது என் வழக்கம். அவர் வேண்டாம் என்பார். நான் கேட்க மாட்டேன். அப்படிக் கழுவும்போதுதான் பார்த்தேன். கட்டை விரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து, உள்ளே சிவப்பாகக் குழி விழுந்திருந்தது. விரலால் லேசாக அழுத்தினேன். அவர் மாலிக்கிடம் போனில் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரியவில்லை. நன்றாக அழுத்தினேன். அப்போதும் தெரியவில்லை.

காலில் உணர்ச்சி போய்விட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு இன்னும் புரியவில்லை. அவருடைய உடம்பில் அவருக்கே தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அது எனக்கு ஒரு நிம்மதியைக் கொடுத்தது. எப்படி என்று கேட்டால் சொல்ல வராது.

போனை வைத்துவிட்டு, "இன்னாடி அப்படி பாக்குற?" என்றார்.

"ஒண்ணுமில்லங்க. அழுக்கு."

துடைத்து, எண்ணெய் தடவி, சாக்ஸைப் போட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அவரைக் குனிந்து பார்க்க விடவில்லை. "நான் இருக்கேன்ல, நீங்க ஏன் முதுக வளைக்கிறீங்க" என்பேன். குழி பெரிதாகிக் கறுத்தது. வாடை வந்தபோது சாம்பிராணி போட்டேன். புண் வளர்ந்தால் பயணம் நின்றுபோகும் என்பது என் கணக்கு. நான் நினைத்தது அவ்வளவுதான். ஒரு மாதம் தள்ளிப்போகட்டும் என்று நினைத்தேன்.

காய்ச்சல் வந்து அவர் படுத்தபோது உஷாராணி பார்க்க வந்தாள். உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சாக்ஸைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இன்னா அண்ணி இது? நீங்கதான தெனம் கால் கழுவுறீங்க?" என்று அலறினாள். "உங்க அண்ணன் தொட வுடல, உஷா. நான் இன்னா பண்றது?" என்று அழுதேன். நிஜமான அழுகைதான் அது. அவர் மயக்கத்தில் இருந்தார், மறுத்துப் பேசவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் நான் அவரைப் பார்த்துக்கொண்ட மாதிரி ஒருத்தியும் புருஷனைப் பார்த்திருக்க மாட்டாள். நர்ஸைத் தொட விடவில்லை. மலம், மூத்திரம், எல்லாம் என் கையால் எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் வந்து பார்த்துவிட்டு, "இந்த மாரி ஒரு பொண்டாட்டி கெடைக்க சுப்பராயலு இன்னா புண்ணியம் பண்ணானோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்ன தனியா வுட்டுட்டு சுத்தினதுக்குதான்டி கடவுள் கால எடுத்துட்டாரு" என்றார். எடுத்தது கடவுள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் அப்படி நினைத்தது அவருக்கு ஆறுதலாக இருந்தது, ஆறுதலைக் கெடுப்பானேன்?

அதோடு விட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது, உண்மைதான். ஆனால் மாலிக் விடவில்லை. ஏதோ முகாமுக்குக் கூட்டிப்போய் செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க வைத்தான். "அண்ணே, ஒத்த காலு வெச்சிக்கினு இமயமலைக்கே சைக்கிள்ல போறாங்க. கன்னியாகுமரி எங்கயும் போயிடாது" என்றான். அவர் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. என்னுடைய கைகள் அவ்வளவு செய்தும் வராத வெளிச்சம், மாலிக்கின் ஒரு வார்த்தையில் வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பழக ஆரம்பித்தார்.

நான் ஓவனைப் போட்டேன்.

ஒரு நாள் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டவர் உடனே சாப்பிடவில்லை. ஒன்றைப் பிட்டு, உள்ளே இருந்த பேரீச்சம்பழத்தை வெகுநேரம் பார்த்தார்.

"விஜி, இதுல சக்கர போட்டிருக்கியா? கோச்சிக்காம சொல்லு."

"என் மேல சந்தேகமாங்க?"

"சந்தேகம் இல்லடி. புண்ணு ஆற மாட்டேங்குது. அதான் கேட்டேன்."

அவர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். என் தலையில் இல்லை, அவர் தலையில். அவர் உடனே சாப்பிட்டார். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பும் கேட்டார். தட்டில் இன்னொன்று எடுத்து வைத்தேன்.

செயற்கைக் கால் வந்தது. வெட்டிய இடம் ஆறாததால் அதை மாட்டவே முடியவில்லை. அட்டைப் பெட்டியோடு பரணில் இருக்கிறது. யாருக்காவது உபயோகப்படும் என்றால் எடுத்துப் போங்கள். மாலிக்கிடம் ஒரு நாள் வாசலிலேயே சொல்லிவிட்டேன். "நீ வந்துட்டு போனா அண்ணன் ரெண்டு நாளு அழுவறாரு தம்பி. பாக்க முடியல" என்று. அவன் நல்ல பையன். அதன்பின் வரவில்லை. அவன் ஏன் வருவதில்லை என்று இவர் கேட்டார். "கால் இருந்தப்போ வேணும், இப்போ எதுக்குங்க நீங்க அவனுக்கு" என்றேன். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதிலிருந்து எங்கேயும் போக வேண்டும் என்று அவர் கேட்டதே இல்லை. ஒரு வருஷம் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். கண் மங்கியபோது நான்தான் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன். போன மாதம் வாய் ஒரு பக்கமாகக் கோணி, பேச்சு நின்றது. வலது கையும் விழுந்தது. அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இப்போது ஸ்கோனைப் பாலில் ஊறவைத்து ஊட்டுகிறேன். கொஞ்ச நாளாகப் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொள்கிறார். குழந்தைகள் செய்யுமே, அந்த மாதிரி. எனக்குக் குழந்தை வளர்த்துப் பழக்கமில்லை; ஆனாலும் கற்றுக்கொண்டேன். கன்னத்தை இரண்டு பக்கமும் அழுத்தினால் வாய் திறந்துவிடும். மூக்கை ஒரு நிமிஷம் பிடித்தால் விழுங்கிவிடுவார். கண்ணில் தண்ணீர் வரும். துடைத்துவிடுவேன். நீங்கள் பார்த்தீர்களே, தாடையில் இருக்கிற நீலம், அது கட்டிலில் இடித்துக்கொண்டது இல்லை. என் விரல்கள்தான்.

ஆகவே, டாக்டர், எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள். சக்கரையும் நான் போட்டதுதான், புண்ணையும் நான் பார்த்துவிட்டு மூடியதுதான். தெரியாமல் செய்ததாக நான் எங்கேயும் சொல்லப் போவதில்லை. உஷாராணி அவரை அழைத்துப்போய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்வாளாம். வைத்துக்கொள்ளட்டும். இரண்டு நாளில் என்னைத் தேட ஆரம்பித்துவிடுவார். எந்தப் பக்கம் படுத்தால் அவருக்குத் தூக்கம் வரும் என்று அவளுக்குத் தெரியுமா? பாலை எவ்வளவு சூட்டில் கொடுக்க வேண்டும் என்று தெரியுமா?

நீங்கள் அவர் படுத்திருக்கிற அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதை நான் சாத்தவில்லை. காது அவருக்கு நன்றாகவே கேட்கும். சொன்னதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருப்பார். கேட்கட்டும். எங்களுக்குள் ஒளிவுமறைவு எதற்கு?

சத்தம் கேட்கிறதா? இடது கையால் கட்டில் கம்பியில் அடிக்கிறார். பலமாகத்தான் அடிக்கிறார், பாவம். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். உங்களைப் பார்த்து அடிக்கவில்லை. ஊட்டுகிற நேரம் தள்ளிப்போய்விட்டது, அதுதான். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். என் புருஷனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?